நம் வீட்டுக் குப்பை யாருடைய கணக்கில்?

காலை ஏழு மணிக்கு வாசலில் நாம் வைக்கும் குப்பைக் கூடை எட்டு மணிக்கு வெறுமையாகிவிடுகிறது. அதிலிருந்த பொருள் எங்கே சென்றது, யாருடைய கைகள் அதைப் பிரித்தன, எந்த ஊரின் எல்லையில் அது கொட்டப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. ரொக்க இருப்பில் ஒரு ரூபாய் குறைந்தாலும் காரணம் காணாமல் கிளையைப் பூட்டாதவர்கள் வங்கிப் பணியில் இருக்கும் எங்களைப் போன்றோர். வீட்டுச் செலவை நாட்குறிப்பில் எழுதிவைக்கும் பழக்கம் வாசகர்களில் பலருக்கும் உண்டு. ஆயினும், நாள் தவறாமல் நம் வீட்டை விட்டு வெளியேறும் இந்தப் பொருளுக்கு நம்மில் எவரிடமும் பதிவு இல்லை.

சமையலறைக் கழிவை மண்புழுக்களின் துணையுடன் வீட்டிலேயே உரமாக்கும் முறையைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் இரண்டு நன்மைகளைச் சொல்வர். செலவின்றி உரம் கிடைக்கும் என்பது ஒன்று. மாடித் தோட்டம் செழிக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. எனினும், இவ்விரண்டை மட்டும் நம்பித் தொடங்கியவர்கள் சில மாதங்களில் தொட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இப்பணியைச் செய்வதற்கான வலுவான காரணம் நம் தோட்டத்தில் இல்லை. அது நம் வாசலுக்கு வெளியே இருக்கிறது என்பதே எங்கள் கருத்து.

புனேயில் கண்டது

பணியிட மாற்றம் வங்கி அலுவலர் குடும்பங்களுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் இரண்டு ஊர்களில் வாழ்ந்த பின், நாங்கள் நால்வரும் புனே நகருக்குக் குடிபெயர்ந்தோம். மூன்றாம் மாடியில் வீடு. மேற்கு நோக்கிய ஒரு சிறிய பால்கனி. ஒவ்வொரு காலையும் ஓர் அம்மையார் வந்து குப்பையை வாங்கிச் செல்வார். குடியிருப்பில் அனைவரும் அவரை 'மாவ்ஷி' என்றே அழைப்பர். மராத்தியில் தாயின் சகோதரியைக் குறிக்கும் சொல் அது. நாங்களும் அவ்வாறே அழைக்கப் பழகினோம்.

குப்பை சேகரிப்போர் வரலாற்றில் புனேக்குத் தனி இடம் உண்டு. 1993 ஆம் ஆண்டில் அவர்கள் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற பெயரில் தொழிற்சங்கமாக ஒன்றுதிரண்டனர். காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றைச் சேகரித்து வாழும் உழைப்பாளர்களின் மன்றம் என்பது அப்பெயரின் பொருள். அச்சங்கத்தின் வழியில் தோன்றிய 'ஸ்வச்' என்னும் கூட்டுறவு அமைப்பு, 2008 ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, வீடு வீடாகச் சென்று குப்பை சேகரிக்கும் பொறுப்பை ஏற்றது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டார் மாதந்தோறும் தரும் கட்டணம் ஒரு வருமானம். உலர் கழிவைப் பிரித்துப் பழைய பொருள் வணிகரிடம் விற்றுப் பெறும் தொகை மற்றொரு வருமானம்.

இந்த இரண்டாவது வருமானத்தைப் பற்றித்தான் மாவ்ஷி ஒருநாள் எங்களிடம் பேசினார். எங்கள் கூடையில் பழைய நாளிதழ்கள் சில கிடந்தன. முந்தைய இரவு மீந்த சாம்பாரை அதே கூடையில் கொட்டியிருந்தோம். அவர் அந்த நாளிதழ்களை விரல் நுனியால் தூக்கிக் காட்டி, "காய்ந்திருந்தால் இது காசு, நனைந்துவிட்டதால் வெறும் சுமை" என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. ஒரு வணிகர் தம் சரக்கின் தரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். கையுறை அணிவதில்லையா என்று கேட்டோம். அணிந்தால் ஈரத்துக்குள் எது காகிதம், எது பிளாஸ்டிக் என்று விரலுக்குத் தெரிவதில்லை என்று பதில் வந்தது.

அன்று வரை, குப்பையைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதையே தூய்மை என்று எண்ணியிருந்தோம். அந்தப் பொட்டலத்தை இன்னொருவர் தம் வெறுங்கையால் அவிழ்க்கிறார் என்பது எங்கள் எண்ணத்தில் இருந்ததேயில்லை.

வரவும் செலவும்

மறுவாரம் ஒரு சமையலறைத் தராசு வாங்கி, 30 நாட்கள் எங்கள் குப்பையை எடை பார்த்தோம். நாளொன்றுக்குச் சராசரியாக 900 கிராம் வந்தது. அதில் ஏறத்தாழ 500 கிராம் காய்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், காப்பித் தூள், பூசையறையில் வாடிய பூக்கள் ஆகியவை. மீதமுள்ளவற்றில் பெரும்பகுதி, ஈரம் படாதிருந்தால் விலை போகக்கூடியது. அரை கிலோ ஈரக் கழிவு மீதிப் பொருளின் மதிப்பையும் அழித்துக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகே மண்புழுத் தொட்டி வைப்பது என்று முடிவு செய்தோம்.

இனி, தொட்டியின் வரவு செலவையும் வாசகர்கள் முன் வைக்கிறோம். துளையிட்ட இரண்டு தொட்டிகள், தென்னை நார்க் கழிவு, ஒரு கிலோ மண்புழு எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 1,500 ரூபாய் ஆயிற்று. நாளொன்றுக்கு அரை கிலோ வீதம் ஆண்டுக்கு 180 கிலோவுக்குச் சற்று மேல் கழிவு தொட்டிக்குள் போகிறது. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி நீர் என்பதால், எங்களுக்கு ஆண்டுக்கு 40 கிலோ உரம்தான் கிடைத்தது. கடையில் சிறு பொதியாக வாங்கும் மண்புழு உரத்துக்கு நாங்கள் கொடுத்துவந்த விலை கிலோவுக்கு 30 ரூபாய். ஆக, ஆண்டு வரவு 1,200 ரூபாய். நாளுக்குப் பத்து நிமிடம் வேலை என்றால் ஆண்டுக்கு 60 மணி நேரம். முதலீட்டையும் தேய்மானத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், நம் உழைப்புக்கு மணிக்கு 20 ரூபாய் கிடைக்கிறது.

இந்த வருவாய்க்காக எவரும் நாள்தோறும் தொட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். உரம் இலவசம் என்ற விளம்பரத்தை நம்பித் தொடங்கியவர்கள் விரைவில் சலிப்படைவதற்கு இதுவே காரணம். அவர்களுடைய கணக்கில் தவறில்லை. ஆனால் அதில் சில பதிவுகள் விடுபட்டிருக்கின்றன.

விடுபட்ட பதிவுகள்

புனே நகரத்தின் குப்பை பல ஆண்டுகளாக உருளி தேவாச்சி, ஃபுர்சுங்கி என்னும் ஊர்களின் எல்லைக்கே சென்றது. 2017 ஆம் ஆண்டு கோடையில் அங்கே குப்பை மேடு தீப்பிடித்தது. அதன் பின் ஊர் மக்கள் குப்பை வண்டிகளை உள்ளே விட மறுத்தனர். மூன்று வாரங்களுக்கும் மேலாக அப்போராட்டம் நீடித்தது. நகரத் தெருக்களில் குப்பை தேங்கியபோதுதான், அது நாள்தோறும் எங்கோ போய்க்கொண்டிருந்தது என்பதை நகரம் உணர்ந்தது. நாங்கள் இங்கு வருவதற்கு முன் நிகழ்ந்தது அது. அக்கோடையின் நாற்றத்தை எங்கள் குடியிருப்பில் உள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. புகையையும் ஈயையும் கெட்டுப்போன கிணற்று நீரையும் ஆண்டுக்கணக்கில் சகித்த ஊர்களுக்கு அது மூன்று வாரக் கதை அன்று.

இது புனேயின் கதை மட்டுமன்று. மும்பையின் தேவ்னார் குப்பைக் கிடங்கில் 2016 சனவரியில் பற்றிய தீயின் புகை நகரையே மூடியது. தில்லியின் காசிப்பூரில் 2017 செப்டம்பர் 1 அன்று குப்பை மலையின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர். கொச்சியின் பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் பற்றிய தீ பல நாட்கள் அணையவில்லை. ஈரக் கழிவு காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. நூறு ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. குப்பை மேட்டில் தீ மூளுவதற்கு, நம் வீட்டு வாழைப்பழத் தோலும் தன் பங்கைச் செலுத்துகிறது.

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. அல்மித்ரா படேல் 1996 இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, 2000 ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவை மட்கும் கழிவு, மட்காத கழிவு, வீட்டுத் தீங்குக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது கழிவை உண்டாக்கும் ஒவ்வொருவரின் கடமை என்று வரையறுத்தன. ஆயினும், விதி வந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் ஒரே கூடையில் எல்லாவற்றையும் போடும் வீடுகள் எத்தனை என்பதை வாசகர்கள் தம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

வணிகவியலில் ஓர் அடிப்படைப் பாடம் உண்டு. ஒரு நிறுவனம் தன் செலவைப் பிறர் தலையில் சுமத்திவிட்டு இலாபம் காட்டினால், அது உண்மையான இலாபம் ஆகாது. நம் வீடுகள் தூய்மையாக இருப்பதாக நாம் காட்டும் இருப்புநிலைக் குறிப்பும் அத்தகையதே. அதன் செலவை மாவ்ஷியின் கைகளும், நாம் ஒருமுறையும் சென்று பார்த்திராத ஊர்களின் காற்றும் நீரும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மண்புழுத் தொட்டி நமக்கு வருமானம் தருவதில்லை. இதுவரை பிறர் செலுத்திவந்த நம் செலவில் ஒரு பகுதியை நாமே ஏற்றுக்கொள்ள அது வழி செய்கிறது. இவ்வாறு பார்த்தால், மணிக்கு 20 ரூபாய் என்ற கணக்கு வருத்தம் தராது.

நாங்கள் செய்த பிழைகள்

காரணம் நல்லதாக இருந்தால் மட்டும் புழு பிழைத்துவிடாது. எங்கள் பிழைகளைச் சொன்னால் வாசகர்களுக்குப் பயன்படும்.

முதற்பிழை, அளவுக்கு மீறி ஊட்டியது. தொட்டி வந்த முதல் வாரத்தில் மீந்த சோறு, எலுமிச்சைத் தோல், ஊறுகாய், தயிர் என அனைத்தையும் போட்டோம். ஐந்தாம் நாள் நாற்றம் எழுந்தது. ஆறாம் நாள் காலையில் பால்கனித் தரையில் புழுக்கள் காய்ந்து கிடந்தன. இரவில் தொட்டியிலிருந்து தப்பிக்க முயன்றவை அவை. திருப்பிச் செலுத்தும் திறன் பார்க்காமல் கடன் கொடுத்தால் என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியும். செரிக்கும் திறன் பார்க்காமல் ஊட்டினாலும் அதுவே நேரும் என்பதை அன்று கற்றோம். நல்ல சூழலில் புழுக்கள் நாளொன்றுக்குத் தம் எடையில் பாதி அளவு வரை உண்ணும். ஒரு கிலோ புழுவுக்கு அரை கிலோ என்பது உச்ச வரம்பு. தொடக்கத்தில் அதில் கால் பங்கு போதும். முன்பு போட்டது மறைந்த பிறகே அடுத்ததைப் போடவேண்டும். புழுவுக்குப் பல் இல்லை. நுண்ணுயிர்கள் கழிவை முதலில் மென்மையாக்கித் தந்தால்தான் அது உண்ணும். ஆகவே காய்கறித் தோலைச் சிறிதாக நறுக்கிப் போடுவது நல்லது. உப்பு, எண்ணெய், மசாலா கலந்த சமைத்த உணவு, பால் பொருள், இறைச்சி, மீன், மிகுதியான எலுமிச்சை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் பிழை, ஈரத்தைக் கவனிக்காதது. மண்புழு தோலினால் சுவாசிக்கிறது. தோல் உலர்ந்தால் அதற்கு மூச்சு இல்லை. தொட்டியில் நீர் தேங்கினாலும் மூச்சு இல்லை. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரவேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது அல்லது உணவு மிகுந்துவிட்டது என்று பொருள். கிழித்த செய்தித்தாள், காய்ந்த சருகு, நார்க் கழிவு ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறிவிட்டால் இரண்டு நாளில் நாற்றம் அடங்கும். எறும்பு வந்தால் தொட்டி உலர்ந்திருக்கிறது என்று பொருள். சிறு ஈக்கள் மொய்த்தால் புதுக் கழிவை உள்ளே புதைத்து, மேலே ஈரச் சாக்கை விரிக்கவேண்டும்.

மூன்றாம் பிழை எங்களை மிகவும் வருத்தியது. ஏப்ரல் மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் ஊருக்குச் சென்றோம். தொட்டி மேற்கு வெயில் படும் பால்கனியிலேயே இருந்தது. 35 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறினால் இவ்வகைப் புழுக்கள் தாங்குவது அரிது. திரும்பி வந்து திறந்தபோது மேற்பகுதி முழுவதும் உலர்ந்திருந்தது. ஒரு புழுவும் கண்ணில் படவில்லை. எதிர்வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் நீர் தெளித்திருப்பார்கள். தொட்டியின் அடியில் சற்று ஈரம் எஞ்சியிருந்ததால், அதைத் தூக்கி எறியாமல் நிழலில் வைத்து நனைத்துவந்தோம். சில வாரங்களில் நூலிழை போன்ற வெண்ணிறக் குஞ்சுகள் தோன்றின. முட்டைக் கூடுகள் பிழைத்திருந்தன. இப்போது தொட்டி சமையலறையின் பின்புறம், வெயில் படாத மூலையில் இருக்கிறது.

எந்தப் புழுவை வாங்குவது என்ற கேள்வியும் முக்கியமானது. தோட்டத்து மண்ணைத் தோண்டி எடுக்கும் புழு தொட்டியில் வாழாது. அது மண்ணுக்குள் துளையிட்டு வாழும் இனம். மட்கும் பொருளின் மேற்பரப்பில் வாழும் இனங்களே இப்பணிக்கு உகந்தவை. சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் ஐசீனியா ஃபெட்டிடா மிதமான குளிர்ச்சியை விரும்பும். யூட்ரிலஸ் யூஜினியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, விரைவில் பெருகும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் நம் நாட்டுத் தட்பவெப்பத்துக்குப் பழகியது. நம் மண்ணுக்கு உரிய புழுக்களையே பயன்படுத்தவேண்டும் என்று சென்னையைச் சேர்ந்த மண்புழு அறிவியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறார். புனேயிலும் உதய் பவல்கர் போன்றோர் பல பத்தாண்டுகளாக இத்துறையில் உழைத்திருக்கிறார்கள். வாசகர்கள் தம் பகுதியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தம் ஊருக்கு ஏற்ற இனத்தை அறிந்துகொள்ளலாம்.

இரண்டு, மூன்று மாதங்களில் தொட்டியின் உள்ளடக்கம் கருநிறமாகவும் பொலபொலவென்றும் மாறி, மழை பெய்த மண்ணின் மணம் வீசும். அதை வெளிச்சத்தில் குவித்துவைத்தால் புழுக்கள் ஒளிக்கு அஞ்சி அடியில் இறங்கிவிடும். மேலிருந்து உரத்தை வழித்தெடுத்துக்கொண்டு, புழுக்களை மீண்டும் தொட்டியில் விடலாம். ஒரு பங்கு உரத்துடன் மூன்று அல்லது நான்கு பங்கு மண் கலந்தால் பூந்தொட்டிகளுக்குப் போதும்.

யாருடைய வேலை?

இம்முறையைப் பற்றிப் பேசும்போது எழும் எதிர்வாதங்களில் இரண்டு பொருட்படுத்தத்தக்கவை.

முதலாவது, வீட்டின் உள்ளிருந்தே எழுவது. தொட்டி வந்த முதல் ஆறு மாதங்கள், "நாங்கள் வீட்டிலேயே உரம் தயாரிக்கிறோம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னோம். தோலை நறுக்கியவரும், ஈரம் பார்த்தவரும், நாற்றம் வந்தபோது கிளறியவரும் இல்லத்தரசி ஒருவரே. அவரும் வேலைக்குச் சென்று திரும்புகிறவர்தாம். அந்த 'நாங்கள்' என்ற சொல் அவருடைய உழைப்பை மறைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அவரே அதை எடுத்துச் சொன்னார். மாவ்ஷியின் கைக்குச் செய்த அநீதியை விலக்குவதற்காக வீட்டில் இன்னொரு கைக்குச் சுமை ஏற்றியிருந்தோம். இப்போது வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டு ஆண்களும் மூன்று நாட்கள் பெண்களும் தொட்டியைக் கவனிக்கிறோம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் முறைப் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பங்கீடு இல்லாத வீட்டில் மண்புழுத் தொட்டி வைக்கவேண்டாம் என்றே பரிந்துரைப்போம்.

இரண்டாவது, "இது மாநகராட்சியின் வேலை; அதற்குத்தானே வரி செலுத்துகிறோம்" என்பது. இதில் நியாயம் உண்டு. நகரத்தின் கழிவு முழுவதையும் வீட்டுத் தொட்டிகள் தீர்த்துவிடமுடியாது. உணவகமும் சந்தையும் திருமண மண்டபமும் உண்டாக்கும் கழிவுக்கு நகராட்சி அளவிலான ஏற்பாடு வேண்டும். ஆனால் மாநகராட்சி எத்தனை பெரிய உரக்கூடம் கட்டினாலும், அங்கே சென்று சேரும் கழிவு கலப்பற்றதாக இருந்தால்தான் அது உரமாகும். கலப்பதும் கலக்காதிருப்பதும் நம் சமையலறையிலேயே முடிவாகிவிடுகின்றன. கேரளத்தின் ஆலப்புழையில் இதைக் காணலாம். 2012 ஆம் ஆண்டில் சர்வோதயபுரம் மக்கள் நகரக் குப்பையை ஏற்க மறுத்தனர். அதன் பின் அந்நகராட்சி, வீட்டளவில் சாண எரிவாயுக் கலன்களையும் குழாய் உரமுறையையும், தெருவளவில் காற்றோட்டமான உரத்தொட்டிகளையும் பரப்பியது. வீடும் நகராட்சியும் தத்தம் பங்கைச் செய்ததால்தான் அது இயன்றது.

சலுகை மட்டும் கொடுத்தால் போதாது என்பதையும் சொல்லவேண்டும். மண்புழு உர அமைப்பு, சூரிய ஆற்றல், மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றில் ஒன்றை அமைத்தால் சொத்து வரியில் 5 விழுக்காடும், இரண்டை அமைத்தால் 10 விழுக்காடும் சலுகை என்ற திட்டம் புனே மாநகராட்சியில் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில், சலுகைக்காகக் கட்டப்பட்ட மண்புழுக் குழியில் இன்று உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. பிணையப் பொருள் கையிருப்பில் இருக்கிறதா என்று நேரில் சென்று பாராமல் கடனைப் புதுப்பிக்கும் கிளை மேலாளரை நாங்கள் கண்டிப்போம். வரிச் சலுகைக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

எங்கள் வேண்டுகோள்

வாசகர்கள் அனைவரும் நாளையே புழு வாங்கவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்று இரவு இரண்டு கூடைகள் வையுங்கள்: ஒன்றில் ஈரக் கழிவு, மற்றொன்றில் உலர் கழிவு. பயன்படுத்திய சானிடரி நாப்கின், குழந்தையின் டயாப்பர் ஆகியவற்றைத் தனியே தாளில் சுற்றி, மேலே சிவப்புப் புள்ளி இட்டுக் கொடுங்கள். பிரிப்பவர் அதை அவிழ்த்துப் பார்க்கவேண்டிய நிலை இராது. புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்கள் இதற்காக ஓர் இயக்கமே நடத்தினார்கள். ஒரு மாதம் இவ்வாறு பிரித்துப் பழகிய பிறகு, உங்கள் ஈரக் கழிவின் எடையைப் பாருங்கள். தொட்டி வைப்பதா, எவ்வளவு பெரியது வைப்பது என்பதை அந்த எடையே சொல்லிவிடும்.

மற்றொன்றையும் மறவாமல் சொல்லவேண்டும். வீட்டில் உரம் தயாரிக்கத் தொடங்கியவுடன், "எங்கள் வீட்டில் குப்பை குறைந்துவிட்டது, கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று குப்பை சேகரிப்பவரிடம் பேரம் பேசும் வீடுகள் உண்டு. எங்கள் குடியிருப்புக் கூட்டத்திலும் அப்பேச்சு எழுந்தது. உலர் கழிவை எடுத்துச் செல்லவும் அவர் மூன்று மாடி ஏறித்தான் வருகிறார் என்று எடுத்துரைத்தோம். கட்டணம் குறைக்கப்படவில்லை. நம் செலவை நாம் ஏற்பதற்காகத் தொடங்கிய பணி, அவருடைய வருமானத்தைக் குறைப்பதில் முடியக்கூடாது.

புழுக்கள் பெருகிவிட்டபோது ஒரு கைப்பிடியை எதிர்வீட்டாருக்குக் கொடுத்தோம். அங்கிருந்து இரண்டாம் மாடிக்கு ஒரு கைப்பிடி சென்றது. எங்கள் படிக்கட்டில் மூன்று வீடுகளின் ஈரக் கழிவு இப்போது கீழே இறங்குவதில்லை. கோடை விடுமுறைக்கு ஒரு வீட்டார் ஊருக்குப் போனால், அடுத்த வீட்டார் தொட்டிக்கு நீர் தெளிக்கிறார்கள். எங்களுக்கு அடுத்த மாற்றல் ஆணை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பெட்டி படுக்கையுடன் தொட்டியைத் தூக்கிச் செல்ல எண்ணமில்லை. அதை இங்கேயே விட்டுவிட்டு, புழுக்களில் ஒரு கைப்பிடியை மட்டும் ஈரச் சாக்கில் முடிந்து எடுத்துச் செல்வோம்.

மாவ்ஷி இன்றும் ஏழரை மணிக்கு வருகிறார். எங்கள் கூடையில் நாளிதழும் பால் உறைகளும் அட்டைப் பெட்டியும் மட்டுமே இருக்கும். பால் உறைகளை அலசிக் காயவைத்துத் தருகிறோம். அவற்றை அவர் தம் சாக்கில் அடுக்கிக்கொண்டு, நின்று எதுவும் பிரிக்காமல் அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார். முன்பு எங்கள் வாசலில் அவர் செலவிட்ட அந்த ஐந்து நிமிடங்கள் இப்போது அவருடையவை.